சுவர் வேர்த்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் முற்றத்துச் சுவரில் போய்க் கையை வைத்துப் பார்க்கிறேன். அச்சாபீசில் ப்ரூஃப் பார்க்கும்போதுகூட நினைப்பெல்லாம் வீட்டில்தான். ஒரு காலண்டரில் கார்த்திகைக்கு முன்னால் மார்கழி வந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் — நல்லவேளை, மிஷினில் ஏற்றுவதற்குள் முதலாளி பார்த்துவிட்டார்.

எல்லாம் மழையால் வந்த வினை.

சிவகாசியில் மழையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இங்கே மேகம் கறுத்தால் பாதிப் பேர் வானத்தைத் திட்டுவார்கள். காயப்போட்ட தீக்குச்சியும் வெடியும் என்னாவது? மீதிப் பேர் அண்டா குண்டானைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார்கள். நான் இரண்டாவது கட்சி.

ஏன் ஓட மாட்டேன்? கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதற்கும் குடத்தை வரிசையில் வைத்து இடம்பிடிக்க வேண்டும்.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அண்டா நிறைந்தது... குடங்கள் நிறைந்தன... ஆட்டுரலைக்கூட நான் விடவில்லை. அதற்குப் பிறகும் ஓட்டிலிருந்து கொட்டுகிறது. கொட்டுவதெல்லாம் முற்றத்து மூலையில் இருக்கும் தூம்பு வழியாகத் தெரு வாறுகாலுக்கு ஓடுகிறது. அம்புட்டும் நல்ல தண்ணீர். போய்ச் சேருவது சாக்கடையில்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டித் தூம்பில் திணித்தேன். முற்றமே தொட்டி ஆகிவிட்டுப் போகட்டுமே!

சமையல்கட்டு வாசலில் நின்று என் மனைவி பார்த்தாள்.

"இது என்ன கூத்துங்க? மண்ணுச் சுவரு. தண்ணி நின்னா தாங்குமா?"

"அரை மணி நேரம்தான். ரெண்டு நாளைக்குத் துவைக்கத் தண்ணி ஆச்சுல்ல?"

"உங்களுக்குச் சும்மா இருக்கவே வராதா?"

வராது.

எங்கள் வீடு என் மாமனாருடைய அப்பா கட்டியது. பூச்சுதான் சுண்ணாம்பு, உள்ளே மண். முற்றத்தின் மேற்குச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டு மைதீன் பாய்க்கும் பொது. பாய் மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம் செய்கிறவர். இருபது வருஷப் பழக்கம்.

அரை மணி ஒரு மணியாயிற்று. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி மேலே வந்தது. சரி, போதும் என்று சாக்கை உருவப் போனேன். வரவில்லை. ஊறி உப்பி, உள்ளேயே சிக்கிக்கொண்டது. இழுத்தேன் — ஒரு முழம் கிழிந்து கையோடு வந்தது. கடப்பாரையால் குத்தினேன் — இன்னும் உள்ளே போயிற்று. தெருப்பக்கம் போய்க் கம்பி விட்டுப் பார்த்தேன். தூம்பு நடுவில் வளைந்து போகிறதாம். கம்பி அந்த வளைவைத் தாண்டவில்லை.

அப்போது, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாய் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, எங்க பக்கம் சுவரு வேர்க்குது. தொட்டா பொதபொதன்னு இருக்கு."

"எந்த இடத்துல பாய்?"

"மருமக படுத்திருக்கிற இடத்துல."

அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள்.

"வேற எங்கனயாச்சும் மாத்திப் படுக்க வைங்க."

"மத்த எடமெல்லாம் ஒழுகுது அண்ணாச்சி. காஞ்ச எடம் அது ஒண்ணுதான். கட்டிலைக் கொஞ்சம் நகட்டிப் போட்டிருக்கு. சுவரு சாஞ்சா அது எம்புட்டுக் காணும்?"

பதினோரு நாள் குழந்தை... அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது. "நான்தான் பாய் அடைத்தேன்" என்று அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. வாளியைத்தான் எடுத்தேன். பாயும் ஒரு வாளி எடுத்தார். அள்ளி அள்ளித் தெருவில் கொட்டினோம். மழை தூறலாகிவிட்டது, முற்றத்தில் நின்ற தண்ணீர் மட்டும் குறைந்தபாடில்லை. எனக்கு மூச்சு இரைத்தது. பாய்க்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

என் மனைவி வாளியைத் தொடவில்லை. வாசலுக்குப் போனாள். பட்டாசு சீசன் என்பதால் தெருப் பெண்களுக்கு ஞாயிறும் வேலை. மழையில் கம்பெனியை மூடிவிட, அப்போதுதான் நனைந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க அவர்கள் வீடுகளில் ஆள் இருந்திருக்காது.

"மழைத் தண்ணி வேணும்ங்கிறவுக குடத்தோட வாங்க. எம்புட்டு வேணும்னாலும் மோந்துக்கிடுங்க."

அவ்வளவுதான். தெருவே குடமும் இடுப்புமாக வந்துவிட்டது. அதிலும் வேடிக்கை — முற்றம் முழுக்கத் தண்ணீர் கிடக்க, பழக்கதோஷத்தில் வரிசை கட்டினார்கள்.

"ஏளா, நான் உனக்கு முன்னால வந்தவ."

"ஊருணி கணக்காக் கெடக்கு, இங்கன எதுக்குக்கா வரிசை?"

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று என் கண் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரத்தில் முற்றத்துக் கல் தெரிந்தது. கடைசியாக வந்த பெண், "அம்புட்டுத்தானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டுப் போனாள்.

சுவர் நின்றுவிட்டது. சாயங்காலம் பாய் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முறம் அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து, உள்ளே மண் புட்டு மாவாக இருந்தது. நாலடி தள்ளிக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாய் என் கையில் டீயைக் கொடுத்தார்.

"நீங்க மட்டும் வாளியைத் தூக்கலேன்னா என்னாகியிருக்கும் அண்ணாச்சி! பழைய வீடு... தூம்பு எப்ப அடைக்கும்னு யாரு கண்டா?"

"ஆமா பாய், பழைய வீடு" என்றேன்.

வீட்டின் வயதின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! மழைக்குப் பழகிய ஊரில் எவனாவது கொட்டுகிற மழையில் தூம்பை அடைப்பானா? தண்ணீருக்கு வரிசையில் நின்றே வளர்ந்தவனுக்கு, போகிற தண்ணீரைப் போக விடத் தெரிவதில்லை.

"சொல்லிட்டீகளா?" என்று என் மனைவி தினம் கேட்கிறாள். சொல்வதற்காகவே இந்த வாரம் நாலு தடவை பாய் கடைக்குப் போனேன். நாலு தடவையும் வத்தல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கார்த்திகை முடியும்வரை எங்கள் வீட்டில் வத்தலுக்குப் பஞ்சமில்லை.

மைதீன் பாய், நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிப்பவர்.

பாய்... தூம்பை அடைத்தது நான்தான்.