பேணிக்குள் சொன்ன பல்லி

கனடாவில் இருக்கும் என் தம்பியின் மகள் பல்லி வளர்க்கிறாள். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, ஈரப்பாசி என்று அதற்கு ஒரு வீடே கட்டிக் கொடுத்திருக்கிறாள். போன கிழமை தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள்: "மாமி, தோல் முழுக்கக் கழரல்ல. விரல்ல ஒட்டிக்கொண்டு நிக்குது."

"ஈரத்துணியில விடு புள்ள. இழுத்துப்போடாத" என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எப்படித் தெரியுமா? ஒரு கலியாணமே அப்படிப்பட்ட விரல்களில் தொங்கிக்கொண்டு நின்றதே!

அறுபதுகளின் கடைசி. செட்டிபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் நானும் பரமேஸ்வரியும் படிப்பித்தோம். அவள் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். அவளும் தாயும் நானும், நான்காவதாக ஒரு பல்லியும். கிழக்குச் சுவரில் கலண்டருக்குப் பின்னால் குடியிருந்த அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரியவர். ஈர்க்கு நுனியில் சோற்றுப் பருக்கையை நீட்டினால் வந்து வாங்கிக்கொள்வார். அவரைக் கேளாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. பரமேஸ்வரியின் அம்மா பேசும்போது பெரியவர் சொன்னால், விரலால் தரையில் தட்டி, "ஓம், சொல்லிட்டு" என்பார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். நான் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் அல்லவா!

அந்த நேரம் கரடியனாற்று வாத்தியார் ஒருவர் பரமேஸ்வரியைப் பெண் கேட்டார். பயிற்சிக் கல்லூரியில் அவளோடு படித்தவர். அவளுக்கு அவர்மேல் உயிர். ஆனால் அதைத் தாயிடம் சொல்வதா? "எனக்கென்னம்மா, உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு, குசினிக்குப் போய் உப்புப் போட்ட கறிக்கே மறுபடியும் உப்புப் போட்டாள். அம்மாவுக்குக் கரடியனாறு என்றால் யானைக்காடு. "பெரியவர் சொல்லட்டும், பாப்பம்" என்றுவிட்டார்.

பெரியவரோ படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். கச்சான் காற்றின் வறட்சியில் பாதித் தோல்தான் உரிந்திருந்தது. மீதி விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தது. சுவரில் ஏறுவார், தொப்பென்று விழுவார். பரமேஸ்வரி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தாள்.

"எண்ணெய் பூசினா மறுகா எப்பிடிகா சுவரப் பிடிக்கும்?" என்று தடுத்தேன்.

பிஸ்கட் வந்த தகரப் பேணிக்குள் ஈரத்துணி விரித்து, மூடியில் துளை போட்டு, அவரைக் குடிவைத்தோம். தோல் ஊறியதும் நனைத்த விளக்குத் திரியால் விரல் விரலாக உருட்டி எடுத்தோம். வெங்காயச் சருகைவிட மெல்லிசு. இழுத்தால் விரலும் கூடவே வந்துவிடும்; விரல் போனால் சுவர் ஏது? பரமேஸ்வரி ஒவ்வொரு விரலையும் எண்ணி எண்ணிப் பார்த்தாள். நானோ, வெளியில் சொல்லாதீர்கள், ஒரு பல்லிக்காகக் கர்த்தரிடம் மன்றாடினேன்.

அடுத்த நாள் அம்மா கலியாணப் பேச்சை எடுத்தபோது, பேணிக்குள் இருந்து "ச்க், ச்க், ச்க்" என்று கேட்டது. பரமேஸ்வரியின் முகம் மலர்ந்தது. தரைக்குப் போன அம்மாவின் விரல் பாதியில் நின்றது.

"பேணிக்குள்ள சொன்னா அது எந்தத் திசைகா?"

"பேணி கிழக்காலதானேம்மா இருக்கு."

"மூடி மேல பாத்திருக்கே! மேல எண்டு ஒரு பலன் இல்ல. சுவரில ஏறிச் சொல்லட்டும்."

கடைசி விரலும் சுத்தமானதும் பெரியவரைச் சுவரில் விட்டோம். ஏறினார். விழவில்லை. கலண்டருக்குப் பின்னால் போனவர், அதன்பிறகு வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்டு வருகிற நாளும் வந்துவிட்டது. அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி கலண்டரடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். திடீரென்று "ச்க், ச்க், ச்க்" என்று சத்தம். பெரியவர் இல்லை, அவளுடைய நாக்கு! சொல்லிவிட்டு மூக்கை வேறு உறிஞ்சினாள். நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

குசினியில் கத்தி ஓய்ந்தது. பிறகு தரையில் விரல் தட்டுவது கேட்டது.

"ஓம், சொல்லிட்டு."

கலியாணம் நடந்தது. பரமேஸ்வரி கரடியனாற்றில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். முதல் பேரன் பிறந்த பிறகு ஒருநாள் அம்மா என் காதோடு சொன்னார்: "அண்டைக்குச் சொன்ன பல்லிக்குத் தடிமன் போல, புள்ள. மூக்க உறிஞ்சினது குசினி வரைக்கும் கேட்டிச்சு."

அந்த வீட்டைச் சூறாவளி கொண்டுபோயிற்று. தாயும் இல்லை, மகளும் இல்லை. இப்போது பெண்பிள்ளைகள் தங்கள் விருப்பத்தை வாய்திறந்து சொல்கிறார்கள், நல்ல காலம்தான். ஆனாலும் எல்லாம் தெரிந்துகொண்டு தரையில் தட்டிய அந்தத் தாயை நினைக்கும்போதெல்லாம் என் விரலும் ஒருதரம் தட்டிப் பார்க்கிறது.