ஆராய்ச்சி நிதிக் குழு கிணற்றடிக்கு வந்த நாள்

இன்று காலை வந்த ஈமெயிலை நான் இன்னும் மூடவில்லை.

அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் கரவெட்டியில் பௌதிகவியல் ரியூஷன் கொடுப்பது இங்கே பலருக்குத் தெரியும். (என்னிடம் படித்தவர்கள் பழைய மார்க்ஸைப் பற்றிக் கொமென்ற் போட வேண்டாம்.)

என் வீட்டுக்குப் பின்னால் வசந்தி அக்காவின் வெங்காயத் தோட்டம். ஒரு போகம் தாளெல்லாம் நுனி கருகிவிட்டது. கிணற்றில் உப்பு ஏறியிருந்தது.

"ரீச்சர், எப்ப உப்புக் கூடுது, எப்ப குறையுது எண்டு தெரிஞ்சால் அதுக்கேத்த மாதிரி இறைப்பன். நாக்கிலை உப்புத் தெரியிறதுக்கிடையிலை பயிர் போயிடுது" என்றார்.

அதற்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தேன். கிணற்றின் அடியில், தண்ணீர் இழுக்கும் குழாயோடு சேர்த்துக் கட்டிய ஒரு சென்சர். மேலே உப்பின் அளவைக் காட்டும் ஒரு சின்னத் திரை. அவ்வளவுதான்.

வசந்தி அக்கா நாளுக்கு மூன்று தடவை பார்த்துக் கொப்பியில் எழுதினார். ஒரு வருடம், ஒரு நாள்கூட விடவில்லை. மகள் பெரியபிள்ளையாகி நடந்த சாமத்தியச் சடங்கன்றும் பட்டுச் சேலையோடு வந்து எழுதிவிட்டுப் போனார்.

மோட்டரை ஒரே மூச்சில் ஓடவிட்டால் அடியிலிருந்து உப்பு மேலே வருகிறது. இடையில் நிறுத்தி, கிணற்றை ஆறவிட்டு இறைத்தால் வருவதில்லை. கொப்பியில் இது தெளிவாகத் தெரிந்தது. அப்படியே இறைத்தார். அடுத்த போகம் தாள் கருகவில்லை.

ஊரின் மற்றக் கிணறுகளும் இப்படித்தானா என்று பார்க்க நிறையக் கருவிகள் வேண்டும். கிராமப்புற விஞ்ஞான ஆய்வுகளுக்கு ஓர் ஆராய்ச்சி நிதிக் குழு பணம் தருகிறது என்று அறிந்து விண்ணப்பித்தேன்.

முதல் தடவை நிராகரித்தார்கள். 'ஆய்வு நடைபெறும் நிறுவனம்' என்ற இடத்தில் 'தோட்டம்' என்று எழுதியிருந்தேன். (வேறு என்ன எழுதுவது?)

இரண்டாம் தடவை விளக்கமாக எழுதி அனுப்பினேன். போன மாதம் குழுவிலிருந்து மூன்று பேர் நேரில் பார்க்க வந்தார்கள். தலைவர் ஒரு பேராசிரியர். கூட வந்த அதிகாரியின் கையில் நல்ல விலை கூடிய உப்பு மீற்றர்.

அதிகாரி வாளியால் தண்ணீர் அள்ளி அளந்தார். பிறகு எங்கள் திரையைப் பார்த்தார்.

எங்களுடையது அவருடையதைவிட இரண்டு மடங்கு காட்டியது.

"உங்கடை கருவி பிழையாக் காட்டுது போல, பிள்ளை" என்றார் பேராசிரியர்.

எனக்குக் கருவியில் சந்தேகம் வரவில்லை. அதை எத்தனை தரம் சரிபார்த்தேன் என்று எனக்குத் தெரியும்.

"கருவி பிழையில்லை சேர். நீங்கள் அளந்தது மேல்தண்ணி. உப்புத் தண்ணி பாரம், அது அடியிலை கிடக்கு."

"இருக்கலாம். ஆனால் காட்டினால்தானே நான் எழுதலாம்?"

அதிகாரியின் மீற்றரின் வயர் ஒரு முழம்தான், அடிக்கு எட்டாது. எங்கள் சென்சரை மேலே எடுத்து அதே வாளியில் வைத்துக் காட்டுவதென்றால் குழாயையே கழற்ற வேண்டும், அரைநாள் வேலை. என்ன செய்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்க, வசந்தி அக்கா கொட்டிலுக்குள் போய் ஒரு சோடாப் போத்தலோடு வந்தார்.

போத்தலில் ஒரு கல்லையும், இறக்குவதற்கு ஒரு கயிற்றையும் கட்டினார். பழைய ரப்பர்ச் செருப்பில் ஒரு துண்டு வெட்டி வாயை இறுக்கி அடைத்தார். அடைப்பிலே தனியாக ஒரு நூல்.

"அடி மட்டும் இறக்கிப்போட்டு நூலை இழுத்தால் அடைப்புக் கழலும். அடித்தண்ணிதான் உள்ளுக்கை போகும்" என்றார்.

இறக்கினார். இழுத்தார். குமிழிகள் வந்தன. நாங்கள் ஐந்து பேரும் கிணற்றுக்கட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

போத்தல் மேலே வந்ததும் அதிகாரி அந்தத் தண்ணீரில் தன் மீற்றரை வைத்தார். எங்கள் திரையைப் பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

"கிட்டத்தட்ட ஒண்டுதான் சேர்."

பேராசிரியர் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த ஒரு நாளிலை மட்டும் ஏன் இப்பிடி ஏறியிருக்கு?"

நான் வாய் திறக்க முன் வசந்தி அக்கா சொன்னார்: "அண்டைக்குப் பக்கத்துக் காணியிலை குழாய்க்கிணறு விடிய விடிய ஓடினது. அடுத்த பக்கத்திலை எழுதியிருக்கிறன், பாருங்கோ."

எழுதியிருந்தார்.

அப்போதுதான் அதிகாரி வேறொரு பிரச்சினையைக் கிளப்பினார். இரண்டாவது ஆராய்ச்சியாளர் என்று நான் வசந்தி அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தேன். பட்டம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

"அவவின்ரை பேரை எடுத்துவிட்டால் வேலை சுகமா முடியும்" என்றார்.

"எடுக்கேலாது சேர். உந்தக் கொப்பி இல்லாட்டி என்னட்டை இருக்கிறது ஒரு பெட்டியும் கொஞ்ச வயரும்தான்."

பேராசிரியர் கொப்பியை மூடித் திருப்பித் தந்தார். தேநீர் குடித்தார்கள், போனார்கள். அதன் பிறகு ஒரு மாதம் சத்தமில்லை. கையில் வந்ததைப் பிடிவாதத்தால் கெடுத்துவிட்டேனோ என்று சில நாட்கள் நினைத்தேன். ஆனால் திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இன்று காலை ஈமெயில் வந்தது.

நிதி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள்: இரண்டு பேர். இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில், 'தகைமை: கள ஆய்வு அனுபவம்'.

போனோடு தோட்டத்துக்கு ஓடினேன். வசந்தி அக்கா வாய்க்கால் மாற்றிக்கொண்டு நின்றார். மண்வெட்டியை வைத்து, கை கழுவி, சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். தன் பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எழுத்துப் பிழை இல்லை" என்றார்.

கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

பிறகு கேட்டார்: "அப்ப, முதல்லை ஆரின்ரை கிணறு, ரீச்சர்?"

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். கரவெட்டியில் யார் யாருடைய தோட்டக் கிணறு உப்பாகிறது? கீழே பெயரைப் போடுங்கள். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.