ரெண்டு கையும் வேணும்

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலால் தட்டித் தட்டிப் பார்த்தார். அவள் இடது கையால் எழுதுவதை விடவில்லை; ஸ்கேல்தான் முறிந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் நொட்டாங்கை. கல்யாணமான புதிதில், தையல்காரரான கணவரின் பெரிய கத்தரிக்கோலை இடது கையில் எடுத்துத் துணி வெட்ட உட்கார்ந்தாள். "ஐயையோ, அது வலது கைக்குன்னு செஞ்சதும்மா" என்று அவர் பதறினார். "துணிகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். வெட்டு பிசிறில்லாமல்தான் விழுந்தது.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொருளிடம்தான் இறங்கிவந்தாள். மரம் அறுக்கும் செயின் ரம்பம். மரம் வெட்டும் மேஸ்திரி ஒருவரிடம் வேலையில் சேர்ந்த முதல் நாள், இன்ஜினை ஓடவிடாமல் அதை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தாள். பிளேடு மெஷினுக்கு வலப்பக்கமாக இருந்தது. கை மாற்றிப் பிடித்தால் அது நேராக அவள் கழுத்துக்கு எதிரே வந்து நின்றது. பேசாமல் வலது கையைப் பின்னாலும் இடது கையை முன்னாலும் வைத்துக்கொண்டாள். "பரவாயில்லையே, மேஸ்திரி சொன்னா மாறிடுவே போலிருக்கே" என்று யாரோ கேலி செய்தார்கள். "மேஸ்திரி சொல்லி மாறலை. மெஷினைப் பாத்து மாறினேன்" என்றாள்.

மேஸ்திரியின் ஆட்களில் மரமேறுகிறவள் அவள் ஒருத்திதான். கயிறும் இடுப்புப் பெல்ட்டுமாக ஏறினால் அணிலுக்கே கொஞ்சம் கூச்சம் வரும். மேலே போகும்போது மேல்பிடி மெஷினை எடுத்துக்கொள்வாள். அதன் கைப்பிடி இன்ஜினுக்கு மேலேயே இருக்கும். மெஷினின் உடம்பு குட்டை, எடை குறைவு, பெல்ட்டில் தொங்கவிட்டால் காலில் இடிக்காது. கிளைகளுக்கு நடுவே கையைக் குறுக்கிக்கொண்டு அறுக்க அதுதான் தோது. தரையில் கிடக்கும் மரத்துக்கு வேறு. இன்ஜினுக்குப் பின்னால் நீண்ட கைப்பிடி உள்ள பின்பிடி மெஷின். இரண்டு கைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதால், அது துள்ளினாலும் அடக்கிப் பிடிக்க முடியும்.

துள்ளும் என்பதில் சந்தேகமே வேண்டாம். பிளேடு நுனியின் மேல் விளிம்பு எதிலாவது பட்டுவிட்டால் போதும், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளின் முகத்தைப் பார்த்து எகிறும்.

மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் அவருக்கு வேலை பறக்க வேண்டும். ஒருநாள் பின்பிடி மெஷின்களில் ஒன்று தவிர மற்றதையெல்லாம் விற்றுவிட்டு, எல்லோர் கையிலும் மேல்பிடியைக் கொடுத்தார்.

"இனிமே ஒரு கையால அறுங்க, இன்னொரு கையால கிளையை இழுங்க. ஒரே ஆள் ரெண்டு ஆள் வேலை!"

"தரையில நிக்கறவங்களுக்கு இது எதுக்கு மேஸ்திரி?" என்றாள் அவள். "ஒரு கையில பிடிக்கத் தோணுது பாருங்க, அதுதான் இதுல இருக்கற வில்லங்கமே."

"நீ மேல ஏறு. கீழே என்ன நடக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

"அப்ப அந்தக் கடைசிப் பின்பிடி மெஷினை எனக்கு வித்துடுங்க. சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

மேஸ்திரி சிரித்தார். "எடுத்துட்டுப் போ. வீட்டுல காய்கறி நறுக்கு."

அன்று சாயங்காலம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்ணெய் வாடை வீடு முழுக்க அடித்தது.

"எதுக்கும்மா இது?"

"என்னோட வாய்க்குத் துணையா."

"உன் வாய்க்குத் துணை வேற வேணுமா?" என்று முனகிக்கொண்டே, புதுத் துணியில் எண்ணெய் படாமலிருக்க ஒரு பழைய சாக்கை விரித்துக் கொடுத்தார்.

புயலடித்து ஓய்ந்த மறுநாள் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. சுற்றுச்சுவர் மேல் பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. பக்கத்திலிருந்த இன்னொன்றில் முறிந்த கிளைகள் தொங்கின. அவள் தொங்குவதை இறக்க மேலே ஏறினாள். கீழே, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் ஆள், சுவரோரம் கிடந்த கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். வலது கையில் மெஷின், இடது கையால் கிளையை இழுத்தபடி.

"டேய் நெட்டை! ரெண்டு கை!" என்று மேலிருந்து கத்தினாள். காதடைப்பு போட்டிருந்தவனுக்கு அது எங்கே கேட்கப்போகிறது?

இலைக் குவியலுக்குள் மறைந்திருந்த ஒரு கட்டையில் பிளேடு நுனி பட்டது. மெஷின் எகிறியது. முகம் தப்பியது, நீட்டியிருந்த இடது முன்கையில் செயின் இறங்கியது. கயிற்றில் சறுக்கி அவள் கீழே வந்தபோது நெட்டை தன் கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ரத்தம் நிற்கிறவரை இறுக்கிக் கட்டினாள். "என்னைப் பாருடா, கையைப் பாக்காதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கை பிழைத்தது. ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்க மறுத்துவிட்டன.

தொழிற்சாலை மேனேஜர் விவரம் கேட்டார். மேஸ்திரி பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "விளையாட்டுப் புத்தி சார் அவனுக்கு. சொன்னா கேக்க மாட்டான். இதோ, மேல இருந்து பாத்த பொண்ணு, இவங்களையே கேளுங்க" என்றார். வரும் வழியிலேயே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்: நெட்டையின் கவனக்குறைவு என்று சொன்னால் போதும், அவள் வேலைக்கு ஆயுசுக்கும் பழுதில்லை.

அவள் வெளியே போய் இரண்டு மெஷின்களையும் தூக்கிவந்து மேனேஜரின் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். ஒன்று, விபத்தின்போது நெட்டை கையில் வைத்திருந்த மேல்பிடி. மற்றது அவளோடு தினமும் வேலைக்கு வந்த பின்பிடி. இன்ஜின் ஓடவில்லை, பிளேடுகளுக்கு உறை மாட்டியிருந்தது.

"மேஸ்திரி, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே இந்த மேல்பிடியை ஒரு கையில பிடிங்க."

"இது என்ன கூத்து?"

"பிடிங்க, சாருக்குப் புரியணுமில்ல."

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்ததால் மேஸ்திரி பிடித்தார். அவள் உறை மாட்டிய நுனியில் உள்ளங்கையை வைத்துச் சட்டென்று மேலே தள்ளினாள். மெஷின் துள்ளி மேஸ்திரியின் நெற்றியில் இடித்தது. டீ டம்ளர் உருண்டு காகிதங்களெல்லாம் நனைந்தன. அடுத்து அவள் பின்பிடியை எடுத்துக் கால்களை அகட்டி நின்று, இடது கைக் கட்டைவிரலை முன்பிடிக்கு அடியில் கோத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க தள்ளுங்க. எம்மேல இருக்கற கோவத்தையும் சேத்து நல்லாவே தள்ளுங்க."

மேஸ்திரி முழு பலத்தோடு தள்ளினார். நுனி ஒரு ஜாண்கூட எழும்பவில்லை.

"இன்ஜின் ஓடினா மேஸ்திரி தள்ளினதைவிடப் பல மடங்கு உதைக்கும் சார். நெட்டை விளையாடலை. ஒரு கையால அறுன்னு அவனுக்குச் சொன்னாங்க. எங்க எல்லாருக்கும்தான் சொன்னாங்க. நான் மாட்டேன்னேன், அவன் சரின்னான். அவ்வளவுதான் வித்தியாசம்."

நெற்றியைத் தடவிக்கொண்டே மேஸ்திரி உறுமினார். "நாளைலேருந்து நீ வராதே."

"நாளைலேருந்தா? எனக்கு இப்பவே அவசரம்" என்று தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மேனேஜர் விடாப்பிடியாக நின்றதால் நெட்டையின் ஆஸ்பத்திரிச் செலவை மேஸ்திரி ஏற்கவேண்டியதாயிற்று. அதற்கு வஞ்சம் தீர்த்துக்கொள்வதுபோல, தெரிந்த இடத்திலெல்லாம் அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். வேலை கொடுக்க ஒருவரும் வரவில்லை. வீட்டில் பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிலும் கணவருக்குத் திருப்தியில்லை.

"பட்டனைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி தைக்கறியே. போம்மா, மரமேற உனக்குன்னு ஒரு மெஷினை வாங்கிட்டு சொந்தமா வேலையை ஆரம்பி. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோட்டத்து வேலிச் செடி வெட்டுகிற அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "லேடீஸுக்குன்னே வந்திருக்கு. ரொம்ப லேசு."

"நான் லேடீஸ்ங்கறது மரத்துக்குத் தெரியுமாங்க? அந்த மேல்பிடியை எடுங்க."

கையுறை மாட்டிக்கொண்டுதான் பிடித்துப் பார்த்தாள். கையுறையோடு பிடிக்கத் தோதாயில்லாததை மரத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டைவிரல் சுற்றி வளைகிறதா, பிடியை விடாமலே பிரேக்கைத் தள்ள முடிகிறதா, இடுப்பில் மாட்டினால் பிளேடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைக்குள் இருந்த ஏணியில் ஏறி, அங்கிருந்தபடி பெல்ட்டிலிருந்து கழற்றி மாட்டவும் செய்தாள். "ஏம்மா, விழுந்துடப் போறீங்க" என்று கடைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். எடுத்து வைத்ததில் பாதியை வேண்டாமென்று ஒதுக்கியபிறகு ஒன்றைச் சரியென்றாள். அதைத் தொங்கவிடும் பட்டையைக் கணவரே கனமான நாடாவில் மூன்று மடிப்பாகத் தைத்துக் கொடுத்தார்.

சொந்தமாக எடுத்த முதல் வேலை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிடைத்தது. கயிறு பிடிக்க நெட்டை வந்திருந்தான். இறக்க வேண்டியதை இறக்கிவிட்டு அவள் கீழே வந்தபோது, அவன் பின்பிடி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் அறுக்கட்டுமா?"

"பிடிச்சுக் காட்டு."

அவன் இடது கையை முன்பிடியில் வைத்தான். இரண்டு விரல் விறைத்து நின்றன. மற்ற இரண்டும் கட்டைவிரலும் இறுகக் கவ்வின. அவள் நுனியைத் தள்ளிப் பார்த்தாள். மெஷின் அசையவில்லை. இன்னொரு முறை, முன்னைவிட வேகமாகத் தள்ளினாள். அசையவில்லை.

"பயமா இருக்கா?"

"இருக்குக்கா."

"இருக்கட்டும். அதையும் வெச்சுக்கிட்டே அறு."

உறையைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அவன் முதல் கட்டையில் பிளேடை இறக்கினான். நிதானமாக, ஒவ்வொரு வெட்டுக்கும் காலை மாற்றி வைத்துக்கொண்டு. மரத்தூள் அவன் பூட்ஸ்மேல் விழுந்தது. மூன்றாவது மாடி ஜன்னல் திறந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"என்னம்மா இது, ஆமை வேகத்துல! போன தடவை வந்தவங்க ஒரு கையால சரசரன்னு முடிச்சுட்டுப் போனாங்க. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் இடுப்பில் கைகளை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"முடியற வரைக்கும் ஆகும் சார். சத்தமா இருந்தா ஜன்னலைச் சாத்திக்குங்க!"