யாருக்குச் சங்கு

தொண்ணூறுகளின் கடைசியில், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், நான் பெண்ணியம் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். அலிப்பூரில் ஆபீஸ் விட்டதும் பஸ் பிடித்து, காளிகாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த அறையில் போய் உட்காருவேன். ஆர்வத்தால் அல்ல. அந்த வருஷம் ஊரில் அம்மா இறந்துபோனாள். போன் வந்து, அடித்துப்பிடித்து ரயிலேறி, ஊர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சங்குச் சத்தம்கூட எனக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. திரும்பி வந்த பிறகு அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபமும் வரவில்லை. எனக்கே கோபம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி கூப்பிட்டாள், போனேன். சினிமாவுக்குக் கூப்பிட்டிருந்தால் அதற்கும் போயிருப்பேன்.

பாடம் நடத்தியவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கண் நிறைய மை, தோளில் ஜோல்னாப் பை. அவள் பேசியதில் ஒன்று மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் நடக்கிற கொடுமை வெளியே கேட்காதவரை நடந்துகொண்டேதான் இருக்கும், தலைமை என்றால் மேடை ஏறுவது இல்லை, முதல் சத்தத்தைப் போடுவதுதான் என்றாள். தலையாட்டினேன். தலையாட்டக் காசா பணமா.

எங்கள் குவார்ட்டர்ஸ் சாந்த்ராகாச்சியில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அடுத்த வீட்டிலும் தமிழ்க் குடும்பம்தான்: யார்டில் வேலை பார்த்த ஒருவன், அவன் அம்மா, கல்யாணமாகி வந்து மூன்றாவது வருஷத்தில் இருந்த அவன் மனைவி. அவன் அவளை அடிப்பான். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அடி ஆரம்பித்தால் பிளாக் முழுக்க டிவிச் சத்தம் கூடும், எங்கள் டிவியும் சேர்த்துத்தான். மறுநாள் வைகாசி வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு துணி காயப்போட வருவாள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம். சோப்பு விலையைப் பற்றிப் பேசிவிட்டு உள்ளே போய்விடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாக்குப் பெண்களை எல்லாம் டீக்குக் கூப்பிட்டேன். எந்த வேகத்தில் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. அங்கே சத்தம் கேட்டால் இங்கே நாமும் சத்தம் போட வேண்டும் என்றேன். எதை வைத்து என்று கேட்டார்கள். தட்டு, கரண்டி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு வங்காளிப் பெண், "பௌதி, சங்கு இருக்கே. பூகம்பம் வந்தா ஊதுறோம். இதுவும் பூகம்பம்தான்" என்றாள். பௌதி என்றால் அண்ணி. அங்கே எனக்கு அதுதான் பெயர். அவர்கள் வீடுகளில் அந்தி விளக்கு ஏற்றும்போது தினமும் சங்கு ஊதுவார்கள், மங்கலம். எல்லோருக்கும் யோசனை பிடித்துப்போனது. "உங்க வீட்டுச் சுவர்லதான் முதல்ல கேக்கும். நீங்கதான் ஆரம்பிக்கணும்" என்றாள் மாடி வீட்டுக்காரி.

எங்கள் ஊரில் சங்கு ஊதினால் தெருவில் பிணம் போகிறது என்று அர்த்தம். ஒருவன் கதை முடிந்ததற்கே 'சங்கு ஊதியாச்சு' என்போம். இதை அந்த டீ கிளாஸ்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. காளிகாட் கோயில் சந்தில் ஒரு சங்கு வாங்கி வந்து குளியலறையில் பழகினேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது, கன்னம் இரண்டும் வலித்தன. வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று, "யாருக்குடி சங்கு?" என்றார்.

"உங்களுக்கில்ல. பயப்படாதீங்க."

"வீடு வெளங்கினாப்லதான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார்.

அடுத்த முறை சுவரில் சத்தம் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். எடுத்து ஊதினேன். மாடு கத்தினாற்போல வந்தது. உடனே மாடியில் ஒன்று, எதிர் பிளாக்கில் ஒன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. அடுத்த வீட்டு மாமியார் தலைவிரி கோலமாக வெளியே ஓடி வந்தாள். "வெளக்கு வைக்காத நேரத்துல எந்தச் சிறுக்கி சங்கு ஊதுறது? எம்புள்ள உசுரோட இருக்கான்டி" என்று கத்தினாள். அவளுக்குப் பின்னால் அவன் முகம் வெளுத்து நின்றான். வங்காளிப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பயந்தது சாவுக்கு என்று எனக்குப் புரிந்தது. எதற்கோ பயந்தானே, அது போதும் என்று நினைத்தேன்.

அதோடு சுவரில் சத்தம் நின்றுவிட்டது. பிளாக்கில் என்னை 'நேத்ரி', அதாவது தலைவி, என்று கேலியும் மரியாதையுமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். காளிகாட்டில் என்னை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், கை தட்டினார்கள். எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. வேறு யாரோ செய்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

துர்கா பூஜை முடிந்த வாரம், மாமியார் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் பெண் என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, இப்பல்லாம் எனக்காக நீங்க யாரும் ஊதுறதில்லையே."

"அடிதான் நின்னுடுச்சேம்மா, அப்புறம் எதுக்கு?"

"நிக்கலக்கா. சங்குச் சத்தம் கேட்டா மகனுக்கு ஆகாதுன்னு அத்தை மொதல்ல என் வாயில துணிய அடைச்சிடுவாங்க. அப்புறந்தான் அவரு அடிப்பாரு."

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல இதைச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டது நான்தான்.

"நீங்கதானக்கா நேத்ரி" என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

இதற்கு யாரும் எனக்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் வந்தான், கூடவே அவன் அம்மாவும். என் வீட்டுக்காரர் "நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்று முனகினார். முனகிக்கொண்டே என் பின்னால் வந்து நின்றார். நான் கதவைத் திறந்து நிலையில் கை வைத்து நின்றேன். அப்போதுதான், அம்மா போன பிறகு முதன்முதலாக எனக்குள் ஏதோ ஒன்று வந்தது. பயம்.

"அவள அனுப்புங்க" என்றான்.

"அனுப்ப முடியாது தம்பி."

"எப்ப அனுப்புவீங்க?" இரவல் கொடுத்த பாத்திரத்தைக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அவ போறேன்னு சொல்றப்ப."

"அவ எப்ப சொல்லுவா?"

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.