வௌவாலின் தலை

தாராவியில் எனக்கு ஒரு தோல் பட்டறை. இப்போது பையும் பெல்ட்டும் தைக்கிறோம். அதற்கு முன் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டே கை பழகியவன் நான். என் மகள் வௌவாலைப் பற்றிப் படிக்கப் போனாள். இவளுக்கு மாப்பிள்ளை தலைகீழாகத்தான் தொங்குவான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை படகேறிப் பக்கத்துத் தீவுக்குப் போனவள், குகை வாசலில் செத்துக் கிடந்த வௌவால் ஒன்றை டப்பாவில் கொண்டுவந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும். போட்டோவைப் பார்த்த அவளுடைய சார், இப்படி மூக்கும் காதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை, புது இனமாக இருக்கலாம், திங்கட்கிழமை கொண்டு வா என்றிருந்தார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. டப்பாவை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மறுநாள் காலை ஒரு பரீட்சைக்காக வாஷிக்குக் கிளம்பினாள்.

"எப்பா, கெட்டுப்போகாம பாத்துக்கிடுங்க."

அவள் போனதும் கரண்ட் போனது. மத்தியானம் வரை வரவில்லை. மே மாத வெக்கை. டப்பாவைத் திறந்தால் வாடை. போன் போட்டேன், எடுக்கவில்லை. கெட்டுப்போகாமல் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிழியாமல் உரித்தேன், உப்புத் தடவினேன், இறக்கையைப் பலகையில் விரித்துக் குண்டூசி குத்தினேன். மிச்சத்தை, பட்டறைக்குப் பின்னால் ஓடும் நாலாச் சாக்கடையில் வீசினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வந்தவள் பலகையையே பார்த்தாள். "தல எங்கப்பா?"

"தோலு எப்படி வந்திருக்குன்னு பாருளா."

"மண்டை ஓடும் பல்லும் இல்லாம இது என்ன வௌவாலுன்னு யாருப்பா சொல்லுவா?"

நாலாவுக்கு ஓடினேன். போனது போனதுதான்.

மறுவருஷம் அந்தச் சாரும் மாணவர்களும் அதே தீவில் அதே வௌவாலைக் கண்டுபிடித்து, புது இனம் என்று அறிவித்தார்கள். பேப்பரில் வந்த போட்டோவில் என் மகள் இல்லை. அந்தச் சார் மாட்டுங்காத் தமிழர்தான். போன் போட்டு, என் பிள்ளையை ஏன் கூட்டிப் போகவில்லை என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "நல்ல பொண்ணுதான் சார். ஆனா அந்த மண்டை ஓட்டை நான்தான் தெரியாம தூக்கிப் போட்டுட்டேன்னு அவளே சொன்னா. அப்புறம் எப்படி நம்பிக் கூட்டிண்டு போறது?"

போட்டது நான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.