ஒருத்தரும் இல்லாத ஊருக்கு நூறு கிலோமீட்டர்

நெடுந்தூரம் ஓடுகிறவனிடம் யாரும் எப்படி ஓடினாய் என்று கேட்பதில்லை, எதற்கு ஓடினாய் என்றுதான் கேட்பார்கள். மாரத்தானையும் தாண்டி, நூறு கிலோமீட்டர் பந்தயத்தில் மூன்று முறை தேசிய அளவில் முதலாவதாக வந்தவன் நான். பிழைப்புக்கு சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கால் நகம் கறுத்து உதிர்ந்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பழகிவிட்டது.

முன்னால் போன பஸ்

ஆரம்ப நாட்களில், விடிந்ததும் கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் பயிற்சி எடுப்பேன். ஒருநாள் என்னைத் தாண்டிப் போன பஸ், ஒரு பர்லாங் தள்ளி நின்றது. நான் வர வர ஜன்னல்களில் தலைகள் நீண்டன. ஒரு பாட்டையா கையை ஆட்டி, "வெரசலா வாங்க" என்றார். நான் பஸ்ஸின் அருகே வந்து, அப்படியே அதைக் கடந்து ஓடினேன்.

கண்டக்டர் இறங்கி விசிலடித்தார். நின்று, பயிற்சி எடுக்கிறேன் என்று விளக்கினேன். அவர் பஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போற எடம்னு ஒண்ணு இல்லாமலா இப்படி ஓடுதீங்க? நாங்க பாவம்னுல்லா நிறுத்துனோம்."

சீக்கிரம் வந்த குற்றம்

முதல் தடவை நான் ஜெயித்தது சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில். கடைசி பத்து கிலோமீட்டர் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. முடிவுக் கோட்டிலும் இல்லை. பந்தயம் நடத்தியவர்கள் எல்லாரும் பந்தலுக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி செல்வி மட்டும் துண்டோடு நின்றாள்.

அவள் கூப்பிட்ட சத்தம் கேட்டு ஒருவர் தயிர்சாதக் கையோடு ஓடி வந்தார். "சார், இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு நினைக்கல. கொஞ்சம் பின்னால போய் மறுபடி ஓடி வாங்க, போட்டோ எடுக்கணும்" என்றார். நூறு கிலோமீட்டர் ஓடிய காலோடு திரும்பிப் போனேன். ரிப்பன் கட்டினார்கள், கை தட்டினார்கள். கேமராக்காரர் செல்வியைப் பார்த்து, "அம்மா, நீங்க ஓரமா நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றார்.

திருமங்கலம்

ஊருக்கு வந்ததும் அலுவலகத்தில் சால்வை போர்த்தினார்கள். கேசரி, மிக்சர், காபி. எல்லாம் முடிந்தபிறகு செல்லையா அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். என்னைவிட மூத்தவர், எதையும் விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாதவர்.

"நூறு கிலோமீட்டர்னா இங்கனருந்து எது வரைக்கும் வே?"

"ஏறக்குறைய திருமங்கலம் அண்ணாச்சி."

"அங்கன உமக்குச் சொந்தக்காரங்க உண்டா?"

"இல்லை."

"கூட்டாளிக?"

"யாரும் இல்லை."

சற்று நேரம் என் கால்களையே பார்த்தார். பரிகாசம் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒருத்தரும் இல்லாத ஊருக்கா வே இம்புட்டு தூரம் ஓடுனீரு?"

பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை

பந்தயத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஓரிடத்தில், நம் ஆள் ஒருவர் தண்ணீர் கொடுக்கலாம். பதினாறு வருடம் எனக்கு அந்த ஆள் செல்வி. உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் அவித்த உருளைக்கிழங்குமாக ஸ்கூட்டரில் முன்னால் போய் நிற்பாள். வாங்குவேன், ஓடுவேன். நெடுந்தூர ஓட்டத்தின் தனிமையைப் பற்றி நான் பேசாத மேடை இல்லை. அவளும் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

போன வருடம் குதிகால் எலும்பில் விரிசல் விழுந்தது. "நடக்கலாம், இனிமேல் ஓடக் கூடாது" என்றார் டாக்டர். அதற்கு முன்பே என் சாதனையை முறியடித்திருந்தவர் சிவகிரி மாரியப்பன். மிளகாய் விவசாயி, நல்ல மனிதர். எங்கள் பகுதியில் நடந்த பந்தயத்தில் தண்ணீர் கொடுக்க ஆள் வரவில்லை என்று என்னைக் கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

இளையரசனேந்தல் ரோட்டில் முள் நிறைந்த ஓர் உடைமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். மரத்துக்கு நிழலே இல்லை. முக்கால் மணி நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்துவிட்டாரோ, வேறு வழியில் போய்விட்டாரோ என்றெல்லாம் தோன்றியது. கடைசியில் வந்தார். பாட்டிலைப் பறித்தார், குடித்தார், கீழே போட்டுவிட்டு ஓடினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனேன். மத்தியானத்துக்குள் இப்படி ஒன்பது தடவை. அவர் ஜெயித்தார். எனக்கு மறுபடி ரோட்டோரத்தில் நிற்க முடியும் என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் கேட்டேன். "அவ்வளவு நேரம் அங்கன தனியா நின்னு என்ன செய்வே?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆரம்பத்துல, வீட்டுக்கு வந்த பெறவு கேப்பீங்க, சொல்லலாம்னு நெறைய வச்சிருப்பேன். இப்போ ஒண்ணும் ஞாபகமில்லங்க."

நடை

மறுநாள் சாயங்காலம் அவளை நடக்கக் கூப்பிட்டேன். கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஊர் எல்லையைத் தாண்டினோம். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. மூச்சை எண்ணியே பழகியவன், அவள் பக்கத்தில் வரும்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில், "கால் வலிக்கா?" என்றேன்.

செல்வி நின்று என்னைப் பார்த்தாள். "என்னையா கேக்கீங்க?"

நூறு கிலோமீட்டரில் மூன்று முறை முதலாவதாக வந்தவன், இந்த ஒரு கேள்விக்கு வந்து சேர்வதில் மட்டும் எல்லாரையும்விடப் பிந்திவிட்டேன்.