பொவே பக்கத்து இறைச்சிப் பண்ணையில் ஒரு பட்டிப்பொங்கல்

தைப்பொங்கல் எந்தக் கிழமையில் வந்தாலும் மாட்டுக்குச் செய்கிற பட்டிப்பொங்கல் எங்களுக்கு அடுத்து வருகிற சனிக்கிழமைதான். வேலை அப்படி. பாரிசில் லா சப்பலில் நான் நிற்கிற மரக்கறிக் கடையில் கமலாக்காவும் நிற்கிறார். இந்த வருசம் அவர் ஒரே பிடி.

"கலண்டர்ப் படத்துக்கு எத்தினை வருசம் படைக்கிறது? எனக்கு மூச்சு விடுற மாடு வேணும்."

மாடு தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. போனில் தேடினேன். பொவே நகரத்துக்கு அங்காலே ஒரு பண்ணை, 'வந்து பாருங்கள்' என்று போட்டிருந்தது. படத்தில் சிவப்பு மாடும் கன்றும். பொங்கலாமா என்று எழுதிக் கேட்டேன், வாருங்கள் என்று பதில் வந்தது. ஆளுக்கு ஐந்து யூரோ. மாடென்றால் பால் என்றுதான் என் மண்டைக்குள்ளே. அதற்கு மேல் வாசிக்கவில்லை.

கூசேன்விலில் இருக்கிற குகன் அண்ணை கார் கொண்டு வந்தார். காலை எட்டரைக்கு வெளிக்கிட்டோம். தொண்ணூறு கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம், பெருந்தெருவுக்குக் கட்டுகிற பெயாஜ் காசு ஆறு யூரோ சொச்சம். பின் சீற்றில் கமலாக்காவின் மடியில் பானை. சீற்பெல்ற்றைப் பானைக்கும் சேர்த்துப் போட்டார். கார் வளைகிற இடமெல்லாம் "மெல்ல, மெல்ல" என்றது எங்களுக்கல்ல, பானைக்கு. மாட்டுக்குப் பூமாலை நாலு, ஒன்று பத்து யூரோ. தை மாசத்தில் செவ்வந்தி அந்த விலைதான், என் கடையில் வாங்கினாலும் அந்த விலைதான்.

பண்ணைக்காரி செலின், ஐம்பது வயதிருக்கும். எங்கள் சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் முக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். குளிர்காலத்தில் மாடுகள் வெளியே நிற்காது, கொட்டிலுக்குள்தான். நல்ல உயரம், செம்மண் நிறம், காதில் மஞ்சள் இலக்கம்.

"திமிலே இல்லை, முதுகு மேசை மாதிரிக் கிடக்கு," என்றார் கமலாக்கா. ஆனாலும் கண் கலங்கிப்போய்த்தான் நின்றார்.

வைக்கோலுக்குக் கிட்ட நெருப்பு வேண்டாம் என்று செலின் சொன்னதால் முற்றத்துக் கடைசியில் காஸ் அடுப்பை மூட்டிப் பானையை ஏற்றினோம். பொங்கலுக்குக் கொஞ்சம் பால் தருவீர்களா என்று என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். இங்கே கறக்கிறதில்லை, பால் முழுக்கக் கன்றுக்கு, நான் இறைச்சிக்குத்தான் வளர்க்கிறேன் என்றார். பிறகு, கடையின் மின்னஞ்சல் விலாசத்திலிருந்து எழுதியபடியால் நீங்கள் இறைச்சி வாங்க வருகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். கொட்டில் வாசலில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, அதன் மேல் தட்டு. ருசி பார்க்க வைத்த இறைச்சியாய்த்தான் இருக்கும், நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

கமலாக்காவுக்குச் சொல்லாமல் விட முடியுமா? சொன்னேன்.

"கொல்லுற இடத்திலையோ என்னைப் பொங்க வைச்சனீ? எடு காரை."

"அக்கா, பானை ஏறியிட்டுது," என்றார் குகன் அண்ணை. "பொங்காத பானையை இறக்கிறதோ?"

கமலாக்கா திரும்பிப் பானைக்குக் கிட்ட வந்தார். ஏற்றின பானை பொங்காமல் இறங்கக் கூடாது. அந்தக் குளிர்காற்றுக்கு அது பொங்குகிற மாதிரியும் இல்லை. சுடர் படுத்துப் படுத்து எழும்பியது. செலின் எங்கேயோ போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து காற்றை மறித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பெண்களும் பானைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். நடுவில் நான்.

செலின் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். பாரிசிலிருந்து வருகிறவர்கள் கன்றைத் தடவுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். வெட்டுகிற இடத்தைப் பற்றிச் சொன்ன உடனே அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. சாப்பிடுகிறவர்கள் ஒருமுறை வந்து மாட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் கதவைத் திறந்தாராம். வாங்குவார் இல்லை. இந்தக் குளிர்காலத்தோடு கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் வியாபாரியிடம் கொடுக்க யோசிக்கிறார். அதற்குப் பிறகு எது எங்கே போகுது என்று அவருக்கே தெரியாது.

கமலாக்கா என்னிடம் திரும்பினார்.

"அடுத்ததா எது போகுது எண்டு கேள்."

கேட்டேன். செலின் பலகையை விடாமல் நாடியால் காட்டினார். மூலையில் நின்ற கிழட்டுப் பசு. திங்கட்கிழமை போகிறது. ஒன்பது கன்று போட்டதாம்.

"ஒன்பதோ," என்றார் கமலாக்கா. "அப்ப இவள் உழைச்சவள். உழைச்சதுக்குத்தானே இண்டைக்கு நன்றி. திங்கட்கிழமைக்குப் பிறகு ஆருக்குச் சொல்லுறது?"

பாலில்லாமலே பானை பொங்கியது. முதல் மாலை அந்தப் பசுவுக்கு. கமலாக்கா பொட்டு வைத்துவிட்டுக் குங்குமச் சிமிழைச் செலினிடம் நீட்டினார். என்ன சொல்ல வேண்டும் என்று செலின் கேட்டார்.

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை. விரலாலை வைக்கச் சொல்லு."

செலின் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. அதற்குள் பக்கத்து மாடு மாலையில் பாதியைத் தின்றுவிட்டது.

வெளிக்கிடுகிற நேரம் குகன் அண்ணை பின்தங்கினார். அண்ணை விமானநிலையத்து வேலைக்காரர், அங்கே மத்தியானம் மாட்டிறைச்சி சாப்பிடுவார். அதைப் பற்றிக் கமலாக்காவுக்கு முன்னால் இதுவரை வாய் திறந்ததில்லை. இப்போது கமலாக்கா பார்த்துக்கொண்டு நிற்க, ஐந்து கிலோ இறைச்சிப் பெட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தார். எண்பது யூரோ, திங்கட்கிழமை போகிற அந்தப் பசுவில். இறைச்சியை இரண்டு கிழமை தொங்க விட்டுத்தான் தருவார்களாம், திரும்ப வரவேண்டும்.

பாரிசுக்குக் கிட்ட, சென் டெனி தாண்டினபிறகு கமலாக்கா பின் சீற்றிலிருந்து கேட்டார்.

"குகன், இறைச்சிக்குச் சட்டி வேறை வைச்சிருக்கிறியோ?"

"ஓம் அக்கா."

"அப்ப சரி. ஒரு துண்டும் கொட்டாமல் சாப்பிடு."

போக நினைக்கிறவர்களுக்கு: எழுதிக் கேட்கும்போதே பாலா இறைச்சியா என்று கேளுங்கள். ரப்பர் சப்பாத்துக் கொண்டு போங்கள், காற்றை மறிக்க ஏதாவது தகரமும். பிளாஸ்ரிக் மாலை வேண்டாம், மாடு தின்றுவிடும். மேய்ச்சலில் பார்க்க வேண்டுமென்றால் சித்திரைக்குப் பிறகு போங்கள். செலின் கதவை இன்னும் சாத்தவில்லை. நீங்கள் இறைச்சி சாப்பிடுகிறவர்களோ இல்லையோ, அடுத்ததாக எது போகப்போகுது என்று கேளுங்கள். அதைக் கேட்கிறவர்களுக்காகத்தான் அவர் காத்துக்கொண்டு நிற்கிறார்.